துண்டு மலை கரைந்த கதை

அன்புள்ள அக்காவுக்கு, உன் அருமைத் தம்பி நலம். உன் முழங்கால் தேவலையா? மாமாவையும் பிள்ளைகளையும் உட்கார வை. யாருமே நம்பாத கதை ஒன்றைச் சத்தியம் செய்து சொல்கிறேன்.

போன வாரம் எங்கள் ஓட்டல் சலவை அறையில், தேய்க்க வேண்டிய குளியல் துண்டுகள் மலையாகக் குவிந்தன. உச்சியில் மேகம் தட்டியது. விமானம் ஒன்று ஒதுங்கிப் போனது. வேலையே வேண்டாமென்று நான் பெட்டி கட்டிவிட்டேன்.

அப்போது புது மேனேஜர் அம்மா வந்தார். அதட்டவில்லை. என் பக்கத்தில் நின்று தானும் இஸ்திரி போட்டுப் பார்த்தார்.

"துண்டை எதுக்குண்ணே தேய்க்கிறீங்க?"

"எல்லாரும் தேய்க்கிறாங்க, நானும் தேய்க்கிறேன்."

"யாரு சொன்னா?"

விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை!

"ஈரம் துடைக்கிறதுக்கு இஸ்திரி எதுக்கு? மடிச்சு வச்சா போதும்."

மலை அன்றே கரைந்தது. நானும் பெட்டியைப் பிரித்துவிட்டேன். இன்னும் எதையெல்லாம் காரணம் தெரியாமல் செய்கிறோமோ என்று இப்போது ஒவ்வொன்றாகக் குடைந்துகொண்டிருக்கிறேன்.

மாமா தடவும் வலித்தைலம் ஒரு புட்டி அனுப்பு. கூடவே உன் கையால் நாலு வரி எழுது. ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

விமானமெல்லாம் என் சரக்கு என்று உனக்கே தெரியும். ஆனால் போகும்போது அந்த அம்மா, "தோள் ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டாரே, அது நிஜம் அக்கா.