லெட்சுமி வாங்கிய ஸ்லீப்பிங் பேக்

குறட்டையால் கேமரன் மலையையே ஒரு முழம் நகர்த்தி வைத்த என் அருமை மாப்பிள்ளை வேலு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த மலையில் தேயிலைச் செடிகள் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகின்றனவாம். பிரிக்பீல்ட்ஸில் நான் நலம். மினி பஸ்ஸில் என் தொப்பைக்குத் தனி டிக்கெட் கேட்கிறார்கள். மற்றபடி குறையில்லை.

சேதி இதுதான், கெட்டியாகப் பிடித்துக்கொள். கிள்ளானில் இருக்கும் உன் மனைவி, என் ஒரே தங்கை லெட்சுமி, இந்தப் பள்ளி விடுமுறைக்கு நம் கூட்டாளிகளோடு கேமரன் மலையில் கூடாரத்தில் தங்கப் போகிறாள். இருபது வருஷம் நீ மலைக்குக் கிளம்பும்போதெல்லாம் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வாசலோடு நின்றவள். ஒவ்வொரு தடவையும் நீ என்ன சொல்வாய்? வீட்டில் ஒரு ஸ்லீப்பிங் பேக்தான் இருக்கிறது, அடுத்த தடவை உனக்கும் ஒன்று வாங்கிவிடலாம் என்பாய். அந்த அடுத்த தடவையை எங்கே ஒளித்து வைத்தாய்?

உன் படுக்கைப் பை பத்திரமாக இருக்கிறது, அது என் வீரத்தால். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் பாய், தலையணை, கம்பளி எல்லாவற்றையும் வீட்டை விட்டு எடுக்கச் சொன்னார்கள். உன் பையும் அந்தக் குவியலில் கிடந்தது. ஜிப் வைத்த பாயை எந்தச் சாஸ்திரத்தில் கண்டீர்கள் என்று நான் போட்ட போடில் சபை வாயடைத்துப்போனது. லெட்சுமி அதை எடுத்து அலமாரி மேல் வைத்தாள்.

அதையே கொண்டு போகலாமே, காசு மிச்சம் என்றேன். "அது அவருது அண்ணே. எனக்குன்னு ஒன்னு வேணும். விலை மட்டும் அடக்கமா இருக்கணும்," என்றாள். போன சனிக்கிழமை கிளம்பினோம். தலைமை நிபுணர் நான். அவள் கையில் வீங்கிப்போன ஒரு துணிப்பை. அதில் மத்தியானச் சாப்பாடு இருப்பதாக நம்பி நான் அடைந்த ஆனந்தத்தை எழுத இந்தத் தாள் போதாது.

முதல் கடையில் வாத்து இறகு அடைத்த வெளிநாட்டுப் பை. அந்த விலைக்கு வாத்துப் பண்ணையே வாங்கலாம். நம் ஊர் மழையில் ஒரு தடவை நனைந்தால் அடுத்த தீபாவளிக்குத்தான் காயும் என்று அறிவித்தேன். இரண்டாவது கடையில் காலடியில் குறுகி, முகம் மட்டும் வெளியே தெரியும் பை. லெட்சுமி அதைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது படுக்கிறதுக்கா அண்ணே, கட்டித் தூக்குறதுக்கா?"

கடைக்காரனுக்குத் தமிழ் தெரியாதது அவன் செய்த புண்ணியம்.

நான் பஞ்சையும் தையலையும் பற்றிப் பேருரை ஆற்ற ஆற்ற, அவள் ஒவ்வொரு பையிலும் ஜிப்பை மட்டும் இழுத்துப் பார்த்து வைத்துவிட்டாள். பெட்டாலிங் ஜெயா பஸ்ஸில் ஏறியதும், "இன்னிக்குக் கிடைக்கலைன்னா நான் வரலைன்னு சொல்லிடுங்க. இன்னொரு வாட்டி என்னைக் கூப்பிடாதீங்க," என்றாள். அந்தக் குரல் உனக்குத் தெரியும். கூடாரத்தில் அவளுக்கென்று நாங்கள் ஒதுக்கிய இடம் என் கண் முன்னாலேயே காலியாவதுபோல் இருந்தது. எனக்கே பசி நின்றுவிட்டது என்றால் பார்த்துக்கொள்.

மூன்றாவது கடையில் ஒரு மூலையில் பச்சை நிறப் பை. சாதாரணப் பஞ்சு, நீள்சதுரம், ஜிப்பை முழுதும் திறந்தால் கம்பளிபோல் விரியும். மலிவுதான். துவைத்தால் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். லெட்சுமி ஜிப்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு துணிப்பையை அவிழ்த்தாள்.

உள்ளே சாப்பாடு இல்லை, மாப்பிள்ளை. உன் பழைய பை.

கடைத் தரையில் இரண்டையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கடை முதலாளி தவுக்கே குனிந்து உன் ஜிப்பையும் புதிய ஜிப்பையும் கோத்து இழுத்தார். பாதியில் ஒரு தரம் சிக்கியது. நான் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் கடையே பறந்திருக்கும். மறுபடி இழுத்தார், கடைசிவரை ஓடியது. இரண்டும் ஒரே பெரிய படுக்கை ஆயின. "சமா, சமா," என்று தலையாட்டினார். இரண்டும் ஒரே அளவாம்.

உனக்கென்று தனியாகத்தானே கேட்டாய் என்றேன்.

"எனக்குத் தனியாத்தான் வாங்கியிருக்கேன். அவரு பை வீட்டிலே சும்மா கிடந்து என்ன செய்யப்போவுது? அதுவும் வரட்டும்லா."

இரண்டையும் சுருட்டி நானே தோளில் போட்டுக்கொண்டேன். கனமா என்று கேட்டாள். இல்லை என்று பொய் சொன்னேன்.

இதோ என் சத்தியம். மலையில் கூடாரம் ஒழுகினாலும், புயல் வந்தாலும், புலியே வந்து இடம் கேட்டாலும், உன் பாதியில் யாருடைய கட்டை விரலும் படாது. குறட்டை மட்டும் அங்கே குறையும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பையைத் தோளில் சுமந்த மச்சான்,
லெட்சுமியின் அண்ணன்
ராமையா