அரைக்கட்டை ஆர்கன்

3 ஜூலை 2024
காலைத் திருப்பலிக்குப் பின் பாடற்குழுத் தலைவி ஸ்டெபி வந்தாள். மாதா திருவிழா மலருக்கு ‘மரியஸ்டெல்லா ஆர்கன்ஸ்’ வரலாறு வேண்டுமாம். என் தங்கை பேபியின் கணவர் ஹென்றியும் நானும் திரேஸ்புரத்து வலைக்கிடங்கு ஒன்றில் ஆறாண்டுகள் நடத்திய மின்னணு ஆர்கன் தொழிற்கூடம் அது. நினைவுகூர ஒருத்தி இருப்பதே இறைவன் கொடை.

5 ஜூலை
உப்புக்காற்று இணைப்புகளை அரித்தது, ஹென்றி அவற்றுக்கு மெழுகு பூசியது, பதினொரு கோயில்களுக்குப் பதினொரு ஆர்கன்கள் புறப்பட்டது — எல்லாம் எழுதியாயிற்று. தொழிற்கூடத்தை மூடிய கதைதான் எழுத வரவில்லை.

6 ஜூலை
மாதா கோயில் ஆர்மோனியத்தைக் கேட்டு ஆர்கன்களுக்குச் சுருதி வைத்தவன் நான். “சுருதி பாக்குற ஃபோர்க்க வச்சிப் பாரும் மச்சான்” என்றார் ஹென்றி. “மாதா கோயில் ஆர்மோனியம் பொய் சொல்லுமா?” என்றேன். அந்த ஆர்மோனியமே சுருதியில் அரைக்கட்டை இறங்கியிருந்தது. அதோடு பதினொரு ஆர்கன்களும் இறங்கின. வெளியூர்த் திருவிழாவில் பேண்டு வாத்தியத்தோடு ஒட்டவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன; தொழிற்கூடத்தை மூடினோம். நான் அப்போது கோயிலில் மறைக்கல்வி சொல்லும் உபதேசியார், அந்த வேலை போய்விடக்கூடாதென்று ஹென்றி பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். நாற்பதாண்டுகளாக ஊருக்கு அவர் ‘அரைக்கட்டை ஹென்றி’.
நான் ஏன் வாய் திறக்கவில்லை? மறைநூலை நாள்தோறும் ஓதிய வாய்தானே?

9 ஜூலை
உண்மையை ஒரு வெண்பாவாக்கி வரலாற்றின் முடிவில் வைத்தேன். தளை தட்டவில்லை. ஹென்றி வீட்டில் வாசித்தேன்.
“என்னண்ணே, ஒப்பாரியா? யாரு செத்துட்டா?” என்றாள் பேபி.
ஹென்றி விழுந்து விழுந்து சிரித்தார். “பாட்டுக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிட்டீரோ மச்சான்? இது எவனுக்கு வெளங்கும்?” பிறகு தணிந்த குரலில், “எம் பேத்தியயும் பள்ளிக்கூடத்துல அரைக்கட்டைன்னுதான் கூப்புடுதாவ.”

10 ஜூலை
வெண்பாவை நீக்கினேன். பதிலாக: “சுருதியைத் தவறாக வைத்தவன் நான். ஹென்றி எச்சரித்தார், நான் கேட்கவில்லை. பழியை அவர் சுமந்தார்.”
சீரில்லை, அடியில்லை.

27 ஜூலை
மலர் வெளிவந்தது. பேபி தொலைபேசியில், “இம்புட்டு வருசமா எங்கிட்டகூட ரெண்டு பேரும் சொல்லலயேண்ணே...” என்று அழுதாள். அவளைத் தேற்றும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அழைப்பைத் துண்டிக்காமல் இருந்தாள், அதற்கு நன்றி.

7 ஆகஸ்டு
ஹென்றியோடு மீன் வாங்கப் போனேன். மீன் விற்கும் ஜெபசுதா கூடைக்குப் பின்னிருந்து கத்தினாள்: “ஏ அரைக்கட்டை அண்ணாச்சி! சீலா வாங்காமப் போறியளே?”
பழக்கத்தில் ஹென்றியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவள் விரல் என் பக்கம் நீண்டிருந்தது.
“இந்தா வாரேன் தாயி” என்றேன்.
ஆண்டவரே, உமக்கு நன்றி. சீலாவும் நல்ல சீலா.