‘நோகேல்லை’ என்று சொன்னவருக்கு

மொன்றியலில் லாசால் பக்கம் இருக்கும் எங்கள் பிசியோதெரபி நிலையத்தைக் கர்க்லாண்டுக்கு மாற்றுகிறோம். போன கிழமை அலுமாரிகளை ஒதுக்கும்போது, பண்டேஜ் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பச்சைப் போத்தல் அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். கற்பூரமும் புதினாவும் கலந்த அந்தக் காரமான மணம் மூக்கில் ஏறியதும், நீர் மூன்றாவது கட்டிலில் பாதங்கள் வெளியே தொங்கப் படுத்திருப்பதுபோல் இருந்தது. நீர் பிலிப்பைன்ஸில் விளையாடியபோது அணியின் சமையற்காரர் உமக்குத் தந்த எண்ணெய். என்னுடைய மெஷின்கள் எல்லாவற்றையும்விட இது திறம் என்று சொல்லி, என்னிடமே விட்டுவிட்டுப் போனீர்.

இதை உம்மால் வாசிக்க முடியாது. தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் தொடங்கினால் இதுவும் ஒரு அறிக்கையாகிவிடும். உம்மைப் பற்றி நான் எழுதிய ஒரு அறிக்கையே எனக்குப் போதும். நீர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் கதவுக்குள் குனிந்து வருகிற ஒருவரை ‘நீ’ என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் ‘நீர்’.

நீர் வந்தபோது உமக்கு முப்பத்து நான்கு வயது. மொன்றியலில் ஒரு சிறிய கூடைப்பந்து அணி உம்மை எடுத்திருந்தது. உம்முடைய நாட்டின் பெரிய லீக் உம்மை ஒருநாளும் கூப்பிடவில்லை. கல்லூரி முடித்தவுடன் பின்லாந்து. மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஊர் என்றீர். பிறகு சைப்பிரஸ், லெபனான், உருகுவே, பிலிப்பைன்ஸ். எங்கே போனாலும் ஒரு பருவம், இரண்டு பருவம். இரண்டு ஆட்டம் தோற்றால் முதலில் பெட்டி கட்டச் சொல்வது வெளிநாட்டுக்காரனைத்தான் என்றீர்.

“எங்களுக்கு அவங்கள் வச்ச பெயர் இம்போர்ட். இறக்குமதி,” என்று சொல்லிச் சிரித்தீர்.

“எங்கட தமிழ்க் கடையில கருவாடும் இறக்குமதிதான்,” என்றேன்.

கருவாடு என்றால் என்னவென்று விளக்க எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அன்றைக்கு உம்முடைய முழங்காலை மடக்கும்போது நீர் பல்லைக் கடித்ததைக் கவனித்தேன்.

“நோகுதோ?” என்று தமிழில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

“அது என்ன பாஷை? அதில வலிக்கேல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

“நோகேல்லை.”

மூன்று தரம் சொல்லிப் பார்த்தீர். ஒவ்வொரு நாட்டிலும் முதலில் படிப்பது அந்தச் சொல்லைத்தான், தண்ணீரும் நன்றியும் பேந்துதான் என்றீர். அதற்குப் பிறகு எட்டு மாதம், கிழமைக்கு இரண்டு நாள், நான் எங்கே அழுத்தினாலும் “நோகேல்லை, நோகேல்லை.” அந்தச் சொல்லை அவ்வளவு தெளிவாக என் பிள்ளைகள்கூடச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனிசனும் உம்முடைய ஆட்டம் பார்க்க வந்தோம். பாதிக் கதிரைகள் காலி. முதல் பாதியில் நீர் போட்ட பந்தெல்லாம் கூடைக்குள் போனது. இவர் எழும்பி நின்று தமிழில் கத்தினார். இரண்டாம் பாதியில் குரலைத் தணித்து என்னிடம், “இஞ்சை பார், உவன் நொண்டுறான்,” என்றார்.

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ விட்டிருக்கிறாய்?”

பருவம் முடிந்ததும் அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் அணி என்னிடம் அறிக்கை கேட்டது. உம்முடைய வலது முழங்காலில் எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. முழுப் பருவமும் விளையாட ஏலுமா என்பதுதான் கடைசிக் கேள்வி. நீர் ஒரு சொல் கெஞ்சவில்லை. “உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்கோ,” என்றீர். ஏலாது என்று எழுதினேன். உமக்கு வாசித்தும் காட்டினேன். அந்தக் கிழமையே அணி உம்மை விட்டுவிட்டது.

நீர் வீட்டுக்குப் போவீர், படிப்பிப்பீர், பயிற்சியாளர் ஆவீர் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் துருக்கியில் ஒரு சின்ன நகரத்திலிருந்து வீடியோ வந்தது. பழைய ஆட்டங்களின் வீடியோவை மட்டும் பார்த்து எடுத்த அணி; முழங்காலை யாரும் கேட்கவில்லை. வீடியோவில் நீர் பாய்ந்து பந்தைக் கூடைக்குள் குத்துகிறீர். கீழே ஆங்கில எழுத்தில் ‘நோகேல்லை.’ எனக்குக் கோபம் வந்தது. வடிவாகத்தான் பாய்ந்திருக்கிறீர் என்றும் நினைத்தேன். கடைசியில் பெருவிரலை உயர்த்திய ஒரு கைப்படத்தை மட்டும் அனுப்பினேன்.

அடுத்த வருடம் உம்முடைய அக்கா தொலைபேசியில் அழைத்தார். பயிற்சி முடிந்து, உடுப்பு மாற்றும் அறையில் இருந்தபடியே உம்முடைய இதயம் நின்றுவிட்டதாம். முழங்காலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையாம். பிறகு சொன்னார்:

“உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான். இன்னும் நாலு வருஷம் விளையாடலாமெண்டு மொன்றியலில ஒரு ஆள் எழுதித் தந்தவ எண்டு அவன் அம்மாட்டச் சொன்னவன். அதைக் கேட்டுத்தான் அம்மா பயப்பிடாமப் போகவிட்டவ.”

நான் எழுதியதற்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறீர். அதுவும் என் வாயால். திருத்த வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவர் கேட்டார்: “நீங்கள் அதைச் சொன்ன உடன அவன் என்ன செய்தவன்?”

அறிக்கையில் இருந்ததைச் சொல்லாமல், அன்று உண்மையில் நடந்ததை மட்டும் சொன்னேன். நான் வாசித்து முடித்ததும் நீர் கண்ணை மூடிக்கொண்டீர். நான் உம்மை உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு எழும்பி, என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனீர்.

மறுபக்கத்தில் அக்கா அழுதார். “அப்பிடித்தான் அவன். சின்னனில இருந்தே சந்தோஷம் தாங்கேலாட்டிக் கண்ணை மூடிப்போடுவான்.”

நான் திருத்தவில்லை. உம்முடைய அம்மாவுக்காக விட்டேனா, எனக்காக விட்டேனா, இன்றைக்கும் தெரியாது. அக்கா சொன்னது சரியென்றால், ‘ஏலாது’ என்ற சொல் உமக்குச் சந்தோஷத்தைத் தந்திருக்கிறது. இனிப் போதும் என்று யாராவது சொல்ல வேண்டுமென்று பதினொரு வருடம் காத்திருந்தீரா? அப்படியென்றால் ஏன் போனீர்? அக்கா சொன்னது பிழையென்றால், நீர் கண்ணை மூடியது வேறு எதற்கு? நான் ஏலும் என்று எழுதியிருந்தால் இங்கேயே இருந்திருப்பீர். இங்கே யாராவது உம்முடைய நெஞ்சில் காது வைத்திருப்பார்கள். இப்படியே ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்க்கிறேன். ஒன்றும் முடிவதாக இல்லை. மனிசன் சொல்கிறார், “நீ எழுதினது உண்மை, விடு.” எழுதியது உண்மைதான். ஆனால் முழங்காலைப் பற்றித்தான் எழுதினேன். அந்த எட்டு மாதத்தில் முழங்காலைத் தவிர வேறொன்றையும் நான் உம்மிடம் கேட்டதில்லை.

வியாழக்கிழமை ஒரு கைப்பந்து வீராங்கனை வந்தாள். பத்தொன்பது வயது, தோள்மூட்டு. கல்லூரி அணிக்கு அறிக்கை வேண்டும். பேனையை எடுத்தேன், பிறகு கீழே வைத்தேன்.

“உமக்கு விளையாட விருப்பமோ?” என்று கேட்டேன்.

“ஓம்,” என்றாள் உடனே. பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு யன்னலைப் பார்த்தாள்.

அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன்.