நேரக் கொப்பி

டீச்சர்,

இன்று தரம் பதினொன்றின் கணக்குக் கொப்பிகள் முப்பத்தெட்டையும் திருத்தி முடித்தேன். ஒவ்வொரு வீட்டுவேலையின் அடியிலும் ஒரே வரி: "எடுத்த நேரம் 15 நிமிடம்." கைக்கடிகாரத்தை மேசையில் வைத்து அந்தக் கணக்குகளை நானே முதலில் செய்து பார்த்திருந்தேன். எனக்கே இருபத்தைந்து நிமிடம் ஆனது. முப்பத்தெட்டுப் பேரும் வாய்கூசாமல் பொய் சொல்கிறார்கள். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பொய்யைப் பழக்கியவன் நான்தான். நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. இனிச் சொன்னால் உங்களுக்கும் நோகாது, எனக்கும் ஆபத்தில்லை. கோழைகள் இப்படித்தான் நாள் பார்ப்பார்கள்.

நீங்கள் விஞ்ஞானம், நான் கணிதம். ஆசிரியர் அறையில் பன்னிரண்டு வருடம் எதிரெதிர்க் கதிரை. பகுதித் தலைவியானதும் நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். வீட்டுவேலை கொடுக்கிறவர் அதை முதலில் தானே செய்து பார்க்க வேண்டும். ஆன நேரத்தை மூன்றால் பெருக்கினால் பிள்ளைக்கு ஆகும் நேரம். எல்லாப் பாடமும் சேர்ந்து ஒரு பின்னேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. "உப்புப் பாக்காமல் கறி இறக்கிறேல்லத்தானே, சேர்" என்பீர்கள். நான் ஒரு நாளும் உப்புப் பார்த்ததில்லை. நாளுக்கு நாற்பது கணக்கு. செய்ய ஏலாதவர் கணிதத்துக்கு வேண்டாதவர் என்பது என் கட்சி. நீங்கள் கொடுத்ததோ ஒரே கேள்வி. உள்துறைமுகத்துத் தண்ணீர் ஏன் அடங்கிக் கிடக்கிறது, அகலச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கல் அடுக்கிப் பார்த்து எழுது. "சட்டி பானை விளையாட்டு" என்று அதிபரிடம் நான் நக்கலடித்தேன். அது உங்கள் காதுக்கு வந்தபோது நீங்களும் சிரித்தீர்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எட்டு வருடத்துக்கு முன் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மெல்லிய கொப்பி கொடுத்தீர்கள். எந்த வீட்டுவேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் போனது, இடையில் என்ன வந்தது என்று அதில் எழுத வேண்டும். "இது எனக்கும் உங்களுக்கும் மட்டும்தான் பிள்ளையள். வேற ஒரு ஆசிரியருக்கும் காட்ட மாட்டன்" என்று வாக்குக் கொடுத்தீர்கள். மூன்று கிழமை கழித்து ஆசிரியர் கூட்டத்தில், "ஒரு பாடம் மட்டும் ரெண்டு மணித்தியாலம் தின்னுது" என்றீர்கள். பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த திங்கள் நீங்கள் கிளினிக்குக்குப் போக லீவு எடுத்தீர்கள். உங்கள் அலுமாரித் திறப்பு கதிரையில் கிடந்தது. அதால் நேரக் கொப்பிகள் இருந்த அலுமாரியைத் திறந்தேன். மேலே இருந்தது சுகந்தியின் கொப்பி. சல்லி என்ற மீன்பிடிக் கிராமத்தில் இருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை. விஞ்ஞானத்தில் முதலாவது, என் பாடத்தில் கரைசேரத் தவிப்பவள். அதை வகுப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.

"கணக்கு இரண்டே கால் மணித்தியாலம். நடுவில் மீன் வெட்ட எழும்பினேன். கடைசி ஐந்தும் விளங்கவில்லை. அழுதேன்."

"அதுதான் கொப்பி மணக்குது" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் எழும்பி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. யன்னலுக்கு வெளியே உங்கள் ஆய்வுகூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடைவேளைக்குள் செய்தி எல்லா வகுப்புக்கும் போய்விட்டது. அந்தக் கிழமையே எல்லா நேரக் கொப்பியிலும் பதினைந்து நிமிடம். கொப்பிகளை வாங்கிப் பார்த்த அதிபருக்குப் பெரிய சந்தோஷம். "பிள்ளையளுக்கு நேரம் மிஞ்சுது" என்று எல்லாப் பாடத்துக்கும் வேலையைக் கூட்டச் சொன்னார். பெற்றோரும் பார்க்கட்டும் என்று அந்த நேர வரியை எல்லாக் கொப்பிக்கும் கட்டாயமாக்கினார். உங்கள் திட்டத்தில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

எடுத்து வாசித்தது நான் என்று உங்களுக்குத் தெரியும். "திறப்பை விட்டிட்டுப் போனது நான்தான், சேர்" என்றீர்கள், அவ்வளவுதான். வகுப்பில் போய், "பிழை என்ர" என்று மட்டும் சொன்னீர்களாம். பரீட்சைக்கு ஐந்து மாதம் இருக்கையில் பிள்ளைகள் கணக்கு வாத்தியை வெறுத்தால் கணக்கையும் வெறுத்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நல்லவர்களின் மடத்தனம் இது. நீங்களே காட்டிக்கொடுத்தீர்கள் என்றுதான் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். சுகந்தி உங்கள் பாடத்துக்கு வெறும் தாளைக் கொடுக்கத் தொடங்கினாள், பிறகு பள்ளிக்கூடம் வருவதையே நிறுத்தினாள். நீங்கள் இரண்டு முறை சல்லிக்குப் போனீர்கள். அவள் வெளியே வரவில்லை. என்னை ஒரு அறை அறைந்திருந்தால் அவள் படித்திருப்பாள், டீச்சர். அந்தக் கோபம் எனக்கு உங்கள் மேல் இன்னும் இருக்கிறது. குற்றம் செய்தவனுக்குக் கோபம் மட்டும் குறைவதில்லை.

போன கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போட்டோக் கொப்பி எடுக்கப் போனேன். மெஷினுக்குப் பின்னால் சுகந்தி நின்றாள். என் கணக்குத் தாளை வாங்கி வைத்தாள்.

"டீச்சர் மோசம் போயிட்டா எண்டு கேள்விப்பட்டனான்" என்றாள். "செத்த வீட்டுக்கு நான் வரேல்ல, சேர்."

நான் காசை எடுத்து மேசையில் வைத்தேன்.

"நீங்கள் வாசிச்சதில எனக்குக் கோபமில்ல. நீங்கள் எப்பவும் அப்பிடித்தானே. அவவைத்தான் நான் நம்பினனான்." தாள்களைத் தட்டி அடுக்கினாள். பிறகு நிமிர்ந்து, "அவவே எடுத்துத் தந்தவவோ, சேர்?" என்று கேட்டாள்.

எட்டு வருடமாக அவள் கேட்க நினைத்த கேள்வி அது. கேட்டதும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டாள். இல்லை என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்று அவள் முகம் கெஞ்சியது. கடையில் எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள்.

"ஓம் பிள்ளை" என்றேன்.

இதைச் சொல்லத்தான் எழுதினேன். மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்கள்.