தோத்தாத்ரி வீட்டுச் செடிகள்

சிட்லபாக்கம்,
20 ஆகஸ்ட் 1992

அன்புள்ள தோத்தாத்ரிக்கு, பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கன் நமஸ்காரம். நானும் காமுவும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. உம் செடிகள் விட்டால்தானே!

கோமளம் மன்னியின் காரியங்கள் முடிந்த கையோடு, “பத்து நாள் பிள்ளை சம்பத்தோடு பூனாவில் இருந்துவிட்டு வருகிறேன், அதுவரை என் செடிகளைப் பார்த்துக்கொள்ளும், குச்சி வெட்டிப் புதிதாகவும் நட்டு வையும்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனீர். சித்திரையில் போன மனிதர், ஆவணியே பிறந்துவிட்டது. வாரம் ஒரு கார்டு மட்டும் வருகிறது. அதில் நான் இருக்கிறேனா, போய்விட்டேனா என்று ஒரு வரி கிடையாது. காகிதப்பூ துளிர்த்ததா, முசாண்டா என்ன ஆயிற்று, அவ்வளவுதான்.

சொல்கிறேன், கேளும். நீர் சொன்னபடியே பென்சில் பருமனில் முற்றின காகிதப்பூக் குச்சிகளாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, மணலும் செம்மண்ணும் கலந்து நட்டு, நிழலில் வைத்தேன். எல்லாம் துளிர்த்தன. காமுவைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். மறுவாரமே கருகிவிட்டன. பிடுங்கிப் பார்த்தால் அடியில் வேரே இல்லை. குச்சியில் இருந்த சத்தைத் தின்றே துளிர்த்திருக்கிறது, அயோக்கியச் செடி! இட்லிப்பூ மட்டும் வேர் விட்டது. ஆனால் விட்டதா, விட்டதா என்று நான் பிடுங்கிப் பிடுங்கி நட்டதில் அதுவும் போயிற்று. “அடுப்பில் வைத்த இட்லியா, நிமிஷத்துக்கொரு தரம் திறந்து பார்க்க?” என்று காமு கேட்டாள்.

முசாண்டா குச்சியில் வரவே இல்லை. மன்னி வாசலில் வைத்த செடியாயிற்றே என்று விடவும் மனம் வரவில்லை. கிளையில் விரலகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி, ஈரத் தேங்காய் நாரை வைத்து, பாலிதீன் சுற்றிக் கட்டிப் பதியன் போட்டேன். அதைக் கட்டும்போது ஸ்டூலிலிருந்து விழுந்து முழங்கால் வீங்கிக்கொண்டது. அறுபத்து நாலு வயதில் எனக்கு இது தேவையா?

பாலிதீனுக்குள் வெள்ளையாக வேர் தெரிந்த அன்றுதான் அந்த ஆசாமிகள் வந்தார்கள். வீட்டு புரோக்கர் ஜெயவேலுவும், ஒரு வெள்ளைச் சட்டைக்காரரும். டேப்பை நீட்டிக் காம்பவுண்டை அளந்தார்கள். யாரைக் கேட்டு அளக்கிறாய் என்றேன். “இன்னா சார், தெரியாதா? வூட்ட விக்கிறாங்க. சாரு ஃப்ளாட் கட்டப் போறாரு. செடியெல்லாம் ஒரே நாள்ல வழிச்சிடுவோம்” என்றான்.

என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர் கடல் உப்பு, மழை வந்தால் தெருவே ஏரி, பாம்பு வேறு என்றேன். வெள்ளைச் சட்டை டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் காமு செம்போடு வந்து, “சாப்பிடுங்கோ, இந்தாத்துக் கிணத்துத் தண்ணிதான், கல்கண்டா இருக்கும்” என்றாள். ஜெயவேலு மடமடவென்று குடித்துவிட்டு, “பெரிய மனுசன், இப்டி பேஜார் பண்றியே சார்” என்றான். வெள்ளைச் சட்டை சிரித்துக்கொண்டே மீதியையும் அளந்துகொண்டு போனார்.

மறுநாள் சம்பத் எதிர்வீட்டுக்கு போன் போட்டு என்னைக் கூப்பிட்டான். “மாமா, உங்களுக்கு ஏன் இந்த வேலை? அப்பாதான் விக்கச் சொன்னார். அம்மா இல்லாத அந்த ஆத்துக்குள்ள காலெடுத்து வைக்க முடியாதுங்கறார்” என்றான். என்னால் நம்ப முடியவில்லை. காலெடுத்து வைக்க முடியாதவர் எதற்கய்யா வாரம் தவறாமல் முசாண்டாவை விசாரிக்கிறார்?

உம்மை அந்த வீட்டில் தனியாகப் படுக்கச் சொல்லவில்லை. எங்கள் கூடத்தில் நல்ல காற்று வருகிறது. காமுவுக்கு இன்னொரு ஆழாக்கு அரிசி களைவது பாரமில்லை. மாலையில் எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல், அவளோடு போட்டுத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

விற்பதுதான் உம் முடிவென்றால் இனிக் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அதைக் கார்டில் எழுதாதீர். பிள்ளையை விட்டும் சொல்லாதீர். நேரில் வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லும். எந்த வண்டி என்று மட்டும் தெரிவியும், சென்ட்ரலில் வந்து நிற்கிறேன்.

பெருமாள் உம்மை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

கோபம் இன்னும் ஆறாத,
ஸ்ரீரங்கன்