தண்ணீர் நிரப்பாத டிரம்

வடக்குப்பட்டு
9.2.2025

அன்புக் கண்ணு பெனிஷா,

மாதா புண்ணியத்தில் எல்லோரும் சுகம். போனில் பேசினால் உன் அப்பன் டெனிசன் பக்கத்திலேயே நிற்கிறான், அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, சிரிக்காதே.

பேத்திக்குப் புனேயில் என்ன ஆராய்ச்சி என்று கோயிலில் கேட்கிறார்கள். நட்சத்திரம் என்றேன். "இன்னா, ஜோசியமா?" என்கிறாள் பக்கத்து வீட்டு ஜெர்சி. ஒழுங்காக நாலு வரி எழுதி அனுப்பு, அவள் வாயை அடைக்கிறேன்.

கம்பெனிகளின் காலி பெயிண்ட் தின்னர் டிரம்கள் நம் பழைய இரும்பு யார்டில் குவிகின்றன. மேல்மூடியை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக விற்கிறோம். வெட்டுமுன் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்பார்கள். நான் மோந்து பார்த்து வாசனை இல்லை என்றால் அதுவும் வேண்டாம். உன் அப்பனே என் மூக்கைத்தான் நம்புகிறான்.

உன் ஆயா,
லூர்து மேரி

புனே
17.2.2025

என் ஆயா,

ஜெர்சி அத்தையிடம் இதைச் சொல். பெரிய நட்சத்திரம் சாவதற்கு முன் பல வருடம் தன் மேல்தோலை வாயுவாகக் கக்கும். அது சுற்றியே நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாள் நட்சத்திரம் வெடிக்கும். சிதறல் நொடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் போய் அந்த வாயுவை அறையும். வாயு கொதித்து மாதக்கணக்கில் ஒளிரும். அந்த வெளிச்சத்தை வைத்து, நட்சத்திரம் எப்போது எவ்வளவு கக்கியது என்று கண்டுபிடிக்கிறோம்.

ஆயா, மூக்கை நம்பாதே. வாசனை தெரியாவிட்டாலும் டிரம்முக்குள் ஆவி நிற்கும். தண்ணீர் நிரப்பாமல் வெட்டவிடாதே.

பெனிஷா

வடக்குப்பட்டு
28.2.2025

பெனிஷா,

நேற்று காலை டிரம் வெடித்தது. வெட்டியது ஆறுமுகநயினார், திருநெல்வேலியிலிருந்து போன வருடம் வந்த பிள்ளை. கேஸ் கட்டர் பட்டதும் மூடி பறந்து அவன் நெஞ்சில் அடித்து, ஆளைத் தூக்கி லாரி மேல் அறைந்தது. பின்னாலேயே தீ. பக்கத்து டிரம் இரண்டும் வெடித்தன. சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றது.

தண்ணீர் நிரப்பாமல் தானாகவே வெட்டிவிட்டான் என்று உன் அப்பன் போலீசில் சொல்லியிருக்கிறான். ஆறுமுகநயினார் மனைவி சத்யப்பிரியா வந்து, "யாரும் சொல்லாம அவுக தொடமாட்டாக" என்று உன் அப்பன் முகத்தில் அறைந்தாள். இவன் அவளைக் கீழே தள்ளி மிதிக்கப் போனான். நான் நடுவில் விழுந்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாமல் படி.

ஆயா

புனே
8.3.2025

ஆயா,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அந்த டிரம்மை யார் மோந்து பார்த்தது என்று அதில் இல்லை.

செத்த நட்சத்திரம் எதைக் கக்கியது என்று கண்டுபிடிப்பது என் வேலை. இதற்கு எனக்குத் தொலைநோக்கி வேண்டாம். வெட்டச் சொன்னது நீயா, இல்லையா? அதை எழுதாமல் வேறு எதுவும் எனக்கு எழுதாதே.

பெனிஷா

வடக்குப்பட்டு
19.3.2025

பெனிஷா,

நான்தான் சொன்னேன்.

அன்று தண்ணீர் லாரி வரவில்லை. வரட்டும் ஆச்சி, பொறுப்போம் என்றான் ஆறுமுகநயினார். நான் டிரம் வாயில் முகத்தை வைத்து மோந்தேன். "ஒண்ணும் இல்ல, வெட்டு. என் மூக்குக்கு மேல நீ பெரிய ஆளா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே கட்டரை எடுத்தான். உன் கடிதம் அப்போது என் ஜாக்கெட்டுக்குள்தான் இருந்தது.

நேற்று ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். உன் அப்பன் வாசலில் மறித்துக் கையை முறுக்கினான். வளையல் உடைந்து கிழித்தது. ரத்தத்தோடு பஸ் ஏறினேன். ஏட்டு கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். அதைத் தள்ளிவிட்டு, நடந்ததை என் கையால் ஒன்பது வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மேல் கேஸ், வயசைப் பார்த்து ஜாமீனில் விட்டார்கள். உன் அப்பன் மேலும் கேஸ். இரவே அவனைக் கூட்டிப் போய்விட்டார்கள்.

என்னைப் பார்க்க நீ வராதே. வந்தால் முதலில் சத்யப்பிரியா வாசலுக்குப் போ. உள்ளே கூப்பிட மாட்டாள். திட்டுவாள். முடிக்கும்வரை நின்று கேள்.

லூர்து மேரி