கப்பலில் ஏற்றக்கூடிய பெட்டி

1965 ஆகஸ்ட் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். மலை கண்ணுக்குத் தெரியவில்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் வேலை இன்று இல்லை, அதனால் வெகுநேரம் படுக்கை. அம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள்.

மத்தியானம் பூண்டுலோயா டவுனில் ஒத்திகை. நசீரின் வாப்பாவுடைய துணிக்கடைப் பின்கட்டு, வழக்கமான இடம். லீலா இந்தியாவுக்குப் போன பிறகு இதுதான் முதல் ஒத்திகை. நசீர் டிரம். பெருமாள் தாளத்துக்கு ஒரு கிட்டார். நான் மெட்டுக்கு ஒரு கிட்டார். பாட ஆள் இல்லை.

அவள் இருந்தவரை எங்களுக்கு மைக் கூடத் தேவைப்பட்டதில்லை. மலையில் நின்று கூப்பிட்டால் கீழே லயத்து வீடுகளில் கேட்கும் குரல். இப்போது அவள் பாடிய வரிகளை எல்லாம் என் கிட்டார் பாட வேண்டும். பாடத்தான் செய்தது. எனக்கே கேட்கவில்லை. நசீர் ஒரு தட்டுத் தட்டினால் மெட்டு போன இடம் தெரியவில்லை.

ஆக, ஆம்ப்ளிபயர் வாங்கியே ஆக வேண்டும். 29ஆம் தேதி தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் மகள் கல்யாணம், டவுன் பள்ளிக்கூட மண்டபத்தில். லீலா இருக்கும்போது ஒத்துக்கொண்டது. நேற்றுக் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"பாடுற புள்ள போயிருச்சு. நீங்க என்னாத்த வாசிக்கப் போறீங்க?"

"மெட்ட கிட்டார்ல வாசிப்போங்க ஐயா."

"கடைசி வரிசைக்கும் கேக்கணும். கேக்காட்டி இனி ஒருத்தனும் ஒங்கள கூப்பிட மாட்டான், சொல்லிட்டேன்."

நானுஓயா ஸ்டேஷனில் கோச்சி கிளம்புமுன் லீலாவின் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "போய் எடம் பாத்துட்டுத் தகவல் சொல்றேன் தம்பி. நீ வந்துரு. அங்கயே கல்யாணத்த வச்சிக்குவோம்." அவர்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட், இங்கே தங்கக் கொடுத்த விசா முடிந்துவிட்டது. எனக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. இரண்டு பேரும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். இதை எந்தக் கந்தோரில் போய்ச் சொல்வது?

தகவல் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 11, புதன்

காற்று. ஸ்டோர் கூரைத் தகரம் ஒன்று பறந்துபோய் வாழைக்குள் விழுந்தது.

ஸ்டாஃப் கிளப் ரேடியோவின் பின்பக்கத்தில் கிட்டார் வயரைச் சொருகிப் பார்த்தேன். சத்தம் வந்தது. பின்னாலேயே பெரிய கிளாக்கரும் வந்தார். "செய்தி கேக்க விடுறியா இல்லியா?" சத்தமும் அந்த அறைக்குத்தான் போதும், மண்டபத்துக்குக் காணாது.

பெருமாளின் யோசனை: கோயில் திருவிழாவுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர். அடுத்த தோட்டத்துக்கும் கேட்கும். ஆனால் கிட்டார் அதற்குள் மூக்கடைத்துக்கொண்டு பாடியது. பெருமாளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்தது தெரிந்ததும் ஏதோ தப்புப் பண்ணிய மாதிரி இருந்தது.

பாக்கியம் அத்தை கொழுந்து நிறுக்க வந்தார். லீலாவின் அத்தை, எனக்கும் அத்தையாகவே ஆகிப்போனவர். தராசுக்கு முன்னால் மட்டும் என்னை ஐயா என்பார், மற்ற நேரம் தம்பி.

"தகவல் ஏதும் உண்டா அத்தை?"

"இல்லீங்க ஐயா." கூடையைப் பார்த்தபடி சொன்னார்.

ஆகஸ்ட் 14, சனி

நசீர் வேனில் நுவரெலியா. வழியெல்லாம் பனி. ரேடியோ கடை முதலாளி சோமபால மாத்தயாவிடம் இரண்டு பெட்டி இருந்தன.

பெரியது: இருபது வாட். உள்ளே இரண்டு ஸ்பீக்கர். ஹோட்டலில் வாசித்த வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. ஒரு கம்பியைத் தொட்டேன், கடைக் கண்ணாடி அதிர்ந்தது.
சின்னது: ஐந்து வாட். சூட்கேஸ் அளவு, மேலே தோல் பிடி. குரல் இனிமை. ஆனால் சன்னம்.

மாத்தயா தமிழில் பொறுமையாகக் கேட்டார். "எத்தன பேருக்குக் கேக்கணும் தம்பி?"

நான் கேட்டது: "இது எத்தன றாத்தல் இருக்கும்?"

"அது ஏன்? பாட்டு றாத்தலா விக்கிறதா?" கடைப் பெடியன்களும் சேர்ந்து சிரித்தார்கள். நசீர் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தான். பெரியதைத் தூக்கிப் பார்த்தேன், முழங்கால் வரைக்குமே வரவில்லை. சின்னது ஒரு கையில் வந்தது.

"இருபது வாட்டுல பாதி திருகுனாலே மண்டபத்துக்குப் போதும் மச்சான். அஞ்சு வாட் என் டிரம்முக்கு முன்னால நிக்காது" என்றான் நசீர்.

"வேன் இல்லாத நாளைக்கு யார் தூக்குறது?" என்றேன். நல்ல பதில் மாதிரித்தான் இருந்தது. சின்னதை எடுத்துக்கொண்டோம். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவதாக மாத்தயா சொன்னார்.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

மழை விட்டிருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பெட்டியைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கொண்டுபோனேன். தராசுக் கொக்கியில் மாட்டினேன்.

இந்தத் தராசு இப்போது கொழுந்து மட்டும் நிறுப்பதில்லை. இந்தியாவுக்குப் போகிற குடும்பமெல்லாம் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கேதான் வருகிறது, ராமேஸ்வரம் கப்பலில் கூடுதல் பாரம் என்று நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில். நிறுத்துக் கொடுப்பது நான். லீலா வீட்டுப் பெட்டியையும் நான்தான் நிறுத்தேன். முள் அளவைத் தாண்டியது. அவள் அம்மா அம்மிக் குழவியை வெளியே எடுத்து வைத்து அழுதாள். லீலா தன் கம்பளிச் சட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "அங்க குளிராதாம்ல." அவ்வளவுதான் பேசினாள். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மடையன்.

சின்னப் பெட்டி முள்ளைப் பெரிதாக அசைக்கவில்லை. கிட்டாரையும் சேர்த்து மாட்டினேன். அப்போதும் தாராளம். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

திரும்பினால் அம்மா. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"பாட்டுப் பொட்டிய எதுக்குடா நிறுக்கிற?"

பெட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றிக் கீழே வைத்தேன்.

"போறதுன்னா போயிட்டு வா. என்னயப் பாத்துக்கிட்டு நிக்காத." முந்தானையால் பெட்டியில் இருந்த ஈரத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 21, சனி

குளிர். விரல் மரத்துப்போகிறது. கம்பி இரண்டு மாற்றியாயிற்று.

சின்னப் பெட்டியோடு ஒத்திகை. முழுதும் திருகினால் கரகர என்று பிசிறடிக்கிறது, குறைத்தால் டிரம் விழுங்கிவிடுகிறது. கடைசியில் நசீர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தட்டினான். அப்போதுதான் மெட்டு கேட்டது. லீ.யும் நானும் சேர்ந்து கட்டிய பாட்டு, வார்த்தை அவளுடையது. சரணத்துக்கு முன் அவள் மூச்சு எடுக்கும் இடத்தில் என் கை தானாக நின்றது. பெருமாள் பிழை என்று நினைத்துத் திரும்ப ஆரம்பித்தான்.

பெருமாள் போன பிறகு நசீர் வெளிப்படையாகவே கேட்டான்.

"நீ இத கல்யாணத்துக்கு வாங்கல. கப்பலுக்கு வாங்கிருக்க. என்ன?"

"ஆமா."

"மொதல்லயே சொல்லிருக்கலாமே மச்சான். நான் விரலாலயே அடிச்சிருப்பேன்."

கோபித்துக்கொள்வான் என்று நினைத்திருந்தேன். கோபித்திருந்தால் தேவலை.

ஆகஸ்ட் 25, புதன்

வெயில், ஆச்சரியம். அம்மா கம்பளியெல்லாம் காயப்போட்டாள், லீ.யின் சட்டையும் அதில். சாயந்தரம் எடுத்து மடித்து என் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

தகவல் இல்லை. பாக்கியம் அத்தை இன்று வேறு பக்கம் சுற்றிக்கொண்டு போனார், நான் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

ஆகஸ்ட் 29, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மண்டபம் நிறைய சனம். வலப்பனையிலிருந்து கூட வந்திருந்தார்கள். முதல் பாட்டிலேயே தெரிந்துவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகளுக்குக் கேட்டது, அதற்குப் பின்னால் பேச்சுச் சத்தம்தான். நசீர் விரலால் தட்டினான், பாவம், டிரம் அடிக்கிற மாதிரியே இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "வாசிக்கிறாங்களா, சும்மா ஒக்காந்திருக்காங்களா?" சிரிப்பு. திருகினேன். பெட்டி கரகரத்தது. கண்டாக்கையா எழுந்து வெளியே போனார். மாப்பிள்ளை வீட்டார் கிராமபோனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்கள். நாங்கள் நிறுத்திக்கொண்டோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அதுதான் கேவலம்.

பின்வாசலில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பாக்கியம் அத்தை இலையில் சுற்றிய பலகாரத்தோடு வந்தார். கையில் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"தம்பி, ஒங்க கச்சேரி முடியட்டும்னு இருந்தேன். லீலாவுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. ஆவணி மொத முகூர்த்தத்துல."

நான் ஏதோ கேட்டேன் போல.

"எறங்குன எடத்துல நிக்க நெழல் இல்ல. புதுக்கோட்டப் பக்கம் சொந்தக்காரங்க வீட்டுல எடம் குடுத்தாங்க. குடுத்தவங்க பொண்ணக் கேட்டாங்க. அண்ணன் என்னா செய்யும்?"

"லீலா என்ன சொன்னுச்சு அத்தை?"

"அவள யாரு கேட்டா."

பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அத்தைதான் அழுதார். எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது, அதுவும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால். அம்மா தட்டை எடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 31, செவ்வாய்

வேலைக்குப் போனேன். இரண்டு பேருடைய கொழுந்தைத் தப்பாக நிறுத்துவிட்டேன். அவர்களே திருத்தினார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, தோட்டம் முழுக்கத் தெரியும் போலிருக்கிறது.

செப்டம்பர் 4, சனி

காலையில் மழை, பிறகு வெளிச்சம். நசீரோடு நுவரெலியா. சின்னப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பெரியதைக் கேட்டேன். மாத்தயா என் முகத்தைப் பார்த்தார், கேலி எதுவும் பேசவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கடைப் பெடியனும் சேர்ந்துதான் வேனில் ஏற்ற முடிந்தது. வரும் வழியில் நசீர் ஒரு தடவைதான் வாய் திறந்தான். "நெசமாவே போகலியா?"

"போய்?"

துணிக்கடைப் பின்கட்டில் சுவரோரம் வைத்தோம். வயர் சொருகியாயிற்று. நசீர் குச்சியைக் கையில் எடுத்தான். அவள் பாட்டையே வாசித்தேன், பல்லவியிலிருந்து. டிரம்முக்கு மேலே ஏறி நின்றது மெட்டு. ரோட்டில் போனவர்கள் நின்றார்கள். மேல்தட்டுப் பீங்கான் ஒன்று நகர்ந்து விழுந்து உடைந்தது.

நசீரின் வாப்பா காதைப் பொத்திக்கொண்டு கதவுக்கு வந்தார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்: "போதும் மகன்! இது ராமேஸ்வரத்துக்கே கேக்குமே!"

நசீர் குச்சியை நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான்.

திருகுவதற்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. திருகினேன்.